பீச்சாங்கைக்காரி திரும்பி நடந்தால்

என் செல்லப் பீச்சாங்கை அஞ்சலைக்கு,

உன் விளையாட்டு வெளியாகி மூன்று மாதம் ஆகிறது. உன் விளையாட்டு என்றுதான் சொல்வேன். பாதி வேலை என்னுடையதுதான். அதில் வரும் பெண் நடக்கவும் குதிக்கவும் துடுப்பால் அடிக்கவும் கணினிக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் நான்தான் எழுதினேன். ஆனால் விளையாடியவர்களில் ஒருவர்கூட என் வேலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதவில்லை. எழுதியதெல்லாம் நீ வரைந்ததைப் பற்றி. வயிறு எரியவில்லை என்று உன்னிடம் பொய் சொல்லிப் பயனில்லை. கொஞ்சம் எரிந்தது, பிறகு அதுவே சந்தோஷமாகவும் ஆகிவிட்டது.

"இன்னாண்ணா சொல்றாங்க?" என்றுதான் நீ முதலில் கேட்டிருப்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இன்னொரு விஷயமும் உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை நாலு பேர் படிக்க ஒத்துக்கொண்டால்தான் நியாயம் என்பதால் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொன்னால் கொட்டாவி விடாதே.

'முகத்துவாரம்' என்று நீதான் பெயர் வைத்தாய். சாம்பல் மூடிய கழிமுகத்து ஊரில் செம்பா என்று ஒரு மீனவப் பெண். ஓடிப்போன மீன்களைத் தேடி, கையில் ஒரு துடுப்போடு கடலுக்கு அடியில் இறங்குகிறாள். வழியில் நண்டு ராஜா, சாம்பல் பூதம், சுழலுக்குள் குடியிருக்கும் கிழவி என்று ஒவ்வொருவரையும் அடித்து, ஏமாற்றி, சில பேரைச் சிநேகம் பிடித்து, மீன்களை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அத்தனையையும் நீ தாளில் மையால் வரைந்தாய். கட்டுக் கட்டாக நான் தேரடிப் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் ஸ்கேன் எடுத்து வந்தேன்.

இனி சேதி கேள். ஒருவர் எழுதியிருக்கிறார்: "நண்டு ராஜாவிடம் முப்பத்தெட்டு தடவை செத்தேன். முப்பத்தொன்பதாவது தடவை அவன் கொடுக்கை வரைந்திருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே நின்று செத்தேன்." துடுப்பு அரை நொடி தாமதமாக இறங்குகிறது என்று ஏழு பேர் புகார். அது என் தப்பு, சரிசெய்துவிட்டேன். 'கீது' என்று வரும் இடமெல்லாம் எழுத்துப்பிழை, 'இருக்கிறது' என்று திருத்தவும் என ஒரு புண்ணியவான் பட்டியலே போட்டு அனுப்பினார். அவருக்கு நான் பதில் சொல்வதற்குள் நம் பக்கத்துக் கல்மண்டபத்துக்காரர் யாரோ கீழே எழுதிவிட்டார்: "எங்க வூட்ல அப்டிதான் கீது. வோணும்னா வந்து பாத்துகினு போ."

இன்னொருத்தர், ஓவியர் போலிருக்கிறது, செம்பாவைச் சுற்றி எப்போதும் ஒரு புகை போல இருக்கிறதே, அதை எந்தத் தூரிகையால் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன் அஞ்சலை. இடக்கையால் வரைகிறவளுக்கு மை காய்வதற்குள் கையே அதன்மேல் ஏறிவிடுகிறது. உன் உள்ளங்கை ஓரம் எந்நாளும் கறுப்பு. தலையணை உறையில்கூட அந்தக் கறை உண்டு, அம்மா அதைத் துவைக்க விடுவதில்லை.

நைனாவும் ஒரு நாள் என் பின்னால் நின்று பார்த்தார். "மெய்யாலுமே நம்ம ஆத்துல இவ்ளோ மீனு கீதா? சொம்மா வுடுறா உன் தங்கச்சி" என்றார். பிறகு திரையில் விரலை வைத்து மடவை, கெளுத்தி, கிழங்கான் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். ஒன்றுகூடத் தப்பாக வரையவில்லை என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு வலையைப் பார்க்கப் போனார்.

சரி, இனிமேல்தான் நான் ஒத்துக்கொள்ள வேண்டியது.

நாம் போட்ட பெரிய சண்டை ஞாபகம் இருக்கிறதா? நடக்கிற ஓர் ஆளை வலப்பக்கம் பார்த்து வரைந்தால் போதும். அவர் இடப்பக்கம் திரும்பும்போது, கண்ணாடியில் தெரிவது போல் கணினியே படத்தைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். பாதி வேலை மிச்சம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இதை நான் சொன்னதும் நீ பென்சில் டப்பாவைத் தூக்கி என்மேல் எறிந்தாய். செம்பா உன்னைப் போல இடக்கைக்காரி. கண்ணாடியில் திருப்பினால் துடுப்பு வலக்கைக்குப் போய்விடும்.

"பீச்சாங்கைக்காரி திரும்பி நடந்தா சோத்தாங்கைக்காரி ஆயிடுவாளா? நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னா என் கைய மாத்தி வச்சுடுவியாண்ணா?"

நீ ஒவ்வொரு அசைவையும் இரண்டு தடவை வரைந்தாய், வலப்பக்கம் பார்த்து ஒன்று, இடப்பக்கம் பார்த்து ஒன்று. ஆறு கட்டங்களுக்கு அப்படி வரைந்து முடித்தாய். ஏழாவது, கடைசிக் கட்டம். நனைந்த சேலையும் அவிழ்ந்த கூந்தலுமாகச் செம்பா வீடு திரும்புகிற கட்டம். போகும்போது வலப்பக்கமாகப் போனவள் இப்போது முழுக்க இடப்பக்கம் பார்த்தே நடந்துவர வேண்டும். அந்தக் கோலத்தில் வலப்பக்கப் படங்களை முடித்துவிட்டு, இடப்பக்கத்துக்குத் தாளை எடுத்து வைத்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஒரு வருஷம் நான் அந்தக் கட்டைத் தொடவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடித்துத் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மீதி இருந்தது நாற்பத்தாறு படம். நான் கண்ணாடியில் திருப்பிவிட்டேன். எதிரில் வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. "கடைசிக் கட்டத்தில் செம்பா வலக்கைக்காரி ஆகிறாள், இதைப் பார்த்தீர்களா?" என்று தொடங்கி ஒருவர் நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். செம்பா கடலிலேயே இறந்துவிட்டாளாம். ஊருக்குத் திரும்பி வருவது அவள் இல்லையாம், தண்ணீரில் விழுந்த அவளுடைய நிழலாம். இவ்வளவு நுட்பமான முடிவைத் தான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லையாம். அதைப் படித்துவிட்டு நூற்றுக்கணக்கானவர்கள் அழுததாக எழுதினார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் சோம்பேறித்தனம் ஐயா அது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கீழே போய், "ஒவ்வொருவரும் தமக்கான பொருளைக் கண்டடைகிறார்கள்" என்று பெரிய மனுஷன் மாதிரி ஒரு வரி எழுதிவிட்டு வந்தேன். அதற்கும் இதயம் இதயமாகக் குவிந்தது. இரண்டு மாதம் அந்தப் புகழில் குளிர்காய்ந்தேன். வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒரு பெண் எழுதினாள். பெயர் போடவில்லை. நாலே வரி. "நான் இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் என் கையை மாற்றினார்கள், வீட்டிலும் மாற்றினார்கள். ஆறு கட்டம் முழுக்க செம்பாவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது நீங்களும் மாற்றிவிட்டீர்களே."

அவளுக்கு என்ன பதில் எழுதுவது? மூன்று நாள், நான் வேலை பார்க்கும் துறைமுக யார்டில் கன்டெய்னர் நம்பரைத் தப்புத் தப்பாக அடித்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். நாலாம் நாள் மத்தியானம், சந்தையிலிருந்து வந்து செதில் போகக் கை கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அதுவரை அம்மா உன் விளையாட்டைப் பார்த்ததே இல்லை. பார்க்கும் தெம்பு இல்லை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

செம்பா துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். "இவ நட அவ நடதான்" என்றாள் அம்மா. கடைசிக் கட்டத்தைப் போட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. பத்து அடி நடப்பதற்குள் அம்மாவே கேட்டாள்.

"இன்னாடா, கை மாறிக் கீது?"

"மீதி படம் இல்லம்மா. நான்தான் கண்ணாடி மாதிரி திருப்பிட்டேன்."

"அவளுக்கு ஆறு வயசுல அந்தக் கையில வேப்பெண்ண தடவனேன்" என்றாள். "துணி வச்சிக் கட்னேன். கரண்டியால அட்ச்சேன். பீச்சாங்கையால மீனு எட்த்துக் குட்த்தா எவ வாங்குவா, நாளைக்கி எப்டிப் பொயப்பான்னு பயம் எனுக்கு. அப்பவும் அவ மாத்திக்கலடா. பூட்டாளே, இப்போ நீ மாத்திட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தினி படம்?"

"நாப்பத்தாறு."

"வரை."

"எனக்கு வரைய வராதும்மா."

"அவளுக்கு மட்டும் பொறக்கசொல்லவே வந்துச்சா?"

எழுந்து போய், மூலையில் கிடந்த ஈர்க்குத் துடைப்பத்தை எடுத்து இடக்கையில் பிடித்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். "இப்டியா புடிப்பா அவ?" என்று கேட்டாள். நான் செல்போனில் படம் பிடித்தேன். ஒரு காலை முன்னால் வைக்கச் சொன்னேன், வைத்தாள். துடைப்பத்தை ஓங்கச் சொன்னேன். "எதுக்கால நீ நின்னா நல்லா ஓங்குவேன்" என்றாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நீ போனபிறகு வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தப் படங்களின்மேல் தாளை வைத்துத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். முதல் படத்தில் செம்பா, கூடை சுமந்து இடுப்பு அகன்ற ஐம்பத்தைந்து வயசு அம்மாவாக இருந்தாள். பன்னிரண்டாவதில் கொஞ்சம் செம்பா எட்டிப் பார்த்தாள். பதினாறு முடிந்திருக்கிறது. என் படங்களில் உன் கைப் புகை இல்லை. விரலால் தேய்த்து அதைக் கொண்டுவரலாம், ஆனால் மனம் வரவில்லை. உன் கோட்டுக்குப் பக்கத்தில் என் கோடு வந்து நிற்பதற்கு நீ ஒத்துக்கொள்வாயா? இந்தக் கண்ணராவிக்குக் கண்ணாடியே தேவலாம் என்பாயா?

நடந்ததை அப்படியே எழுதி, விளையாட்டு விற்கும் பக்கத்தில் போட்டேன். வரைந்தவள் என் தங்கை, அவள் இல்லை, கடைசிக் கட்டத்தில் கை மாறியது என் தப்பு, மாற்றி வரைகிறேன் என்று. சில பேருக்குக் கோபம். பழைய முடிவுதான் ஆழமாக இருந்தது, அதைத் தொடாதே என்கிறார்கள். அந்த இடக்கைப் பெண், இடப்பக்கம் பார்த்து நின்று குடையைப் பிடித்திருக்கும் தன் கையைப் படமெடுத்து அனுப்பினாள், விரல் எப்படி மடங்குகிறது பாருங்கள் என்று. கட்டுரை எழுதியவர் திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்படியென்றால் செம்பா உயிரோடுதான் திரும்பி வருகிறாளா?"

ஆமாம் என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தையை அடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது அஞ்சலை.

இன்னொரு சேதி, இது நைனா சொன்னது. எனக்காகத் தினமும் துடைப்பம் பிடித்துப் பிடித்து அம்மாவுக்குக் கை பழகிவிட்டது போல. போன வாரம் சந்தையில் தன்னை அறியாமல் இடக்கையால் மீனை எடுத்து நீட்டியிருக்கிறாள். வாங்க வந்த பெண்மணி முகத்தைச் சுளித்து, "இன்னாமே, பீச்சாங்கையால குடுக்குற?" என்று கேட்டாளாம். அம்மா கையைப் பின்னுக்கு இழுக்கவில்லையாம்.

"இது எம் பொண்ணு கை. வோணும்னா வாங்கு, இல்லாகாட்டி வுடு."

அவள் வாங்கிக்கொண்டுதான் போனாளாம்.

மாசி மகத்துக்குச் சாமி கடற்கரைக்கு வருவதற்குள் மீதி முப்பதையும் முடித்துவிடுவேன். நன்றாக வராது, ஆனால் சரியாக வரும். நீ எந்தக் கையில் துடுப்பைக் கொடுத்து அனுப்பினாயோ அந்தக் கையோடுதான் உன் பெண் வீடு வந்து சேருவாள். இது சத்தியம்.

உன் சோத்தாங்கை அண்ணன்,
தேசிங்கு
நெட்டுக்குப்பம்