ரேடியோவில் வந்த உன் பாட்டு

புதுப் பேனாவின் மை வாசனை விரலில் ஒட்டியிருக்கிறது. இந்தப் பேனாவை நீ பார்த்ததில்லை. மைக்கூடு வேண்டாம், தொட்டுத் தொட்டு எழுத வேண்டாம். முனையில் ஒரு சின்னக் குண்டு உருண்டுகொண்டே எழுதுகிறது. நீயோ பென்சில் துண்டை நாக்கில் தொட்டு, தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் தாளில் எழுதுவாய்.

அந்தத் தாளைக் கங்காணி மலையில் வைத்தே பிடுங்கினார். "கொழுந்து பறிக்கிற கைக்குப் பாட்டு எதுக்கு?" என்று கிழித்து எறிந்தார். நீ அழவில்லை. என் பக்கத்து நிரைக்கு வந்து, "மனசுல ஏத்திக்க புள்ள, அங்க யாரும் கிழிக்க முடியாது" என்று மூன்று தரம் பாடிக் காட்டினாய். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பதின்மூன்று வருடமாகிறது. இப்போது லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டில் ரேடியோ இருக்கிறது. சோற்றுப் பெட்டி அளவுதான். கரண்டு வேண்டாம், பேட்டரி போட்டால் கொழும்பில் பாடுகிறவள் நம் வாசலில் பாடுகிறாள். என் வீட்டுக்காரர் அட்டன் டவுனில் வாங்கி வந்தார். தோட்டத்துப் பாட்டுகளை எழுதி அனுப்பலாம் என்று ஒருநாள் அதில் சொன்னார்கள்.

அன்றே உன் பாட்டை எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி வந்தது, நான்காவது வரவேயில்லை. ஒரு வாரம் கொழுந்து பறித்துக்கொண்டே தேடினேன். பிறகு நானே ஒரு வரியை வைத்து அனுப்பிவிட்டேன்.

போன ஞாயிறு மத்தியானம் லயமே எங்கள் வாசலில் கூடியிருந்தது. உன் பெயரைச் சொன்னார்கள். நம் ஊர் அக்கரப்பத்தனை என்றும் சொன்னார்கள். பிறகு ஒருத்தி பாடினாள்:

பனிமூட்டம் தள்ளி வச்சு
பச்சக் கொழுந்து கிள்ளி வச்சு
கூடை நெறஞ்ச பின்னும்
கொறையலியே எம் பாட்டு.

உன் அம்மா ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எம் மவ பேரைச் சொல்றாங்க பாருங்க!"

கங்காணியும் நின்றிருந்தார். இப்போது கிழவர். "யாரு, அந்தப் புள்ளயா எழுதுச்சு?" என்றார்.

"ஆமாங்க. நீங்க கிழிச்சுப் போட்ட பாட்டுதாங்க" என்றேன்.

அவர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை நின்றார்.

மறுநாள் மலையில் பெண்கள் எல்லோரும் அதைத்தான் பாடினார்கள். கடைசி வரி என்னுடையது என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த வரி வந்தபோது, மற்ற எல்லோரையும்விட உரக்கப் பாடினேன்.