சிந்திய மருந்து

1984, ஐப்பசி, செவ்வாய் இரவு.

பருவத்துக்கு வராத பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட இன்று தேவாரம் ஊருக்குப் போயிருந்தேன். மாடு துள்ளியதில் சீசா உடைந்து மருந்து கல்லில் சிந்தியது. கயிற்றைப் பிடித்திருந்த வீட்டு மருமகள், “ஐயோ, வீணாப் போகுதே” என்று உள்ளங்கையால் வழித்து மாட்டின் முதுகில் தேய்த்தாள். இந்தப் பக்கம் எந்த மருந்து சிந்தினாலும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே வேறொரு சீசாவை எடுத்து ஊசியைப் போட்டேன்.

அப்போதுதான் மாமியார் அதட்டினாள்: “ஏத்தா, கயித்த விடு. முழுகாம இருக்குறவ மாட்டுக்கிட்ட நிக்கலாமா?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மருந்து தோல் வழியாகவும் உள்ளே இறங்கும், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். தெரியாமல் சினை மாட்டுக்குப் போட்டால் கன்று கலைந்துவிடும். அவள் கையோ ஏலக்காய் பறித்துப் பறித்து வெடித்த கை.

“கையச் சோப்புப் போட்டு வெரசாக் கழுவும்மா” என்றேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. எத்தனையோ வருஷம் கழித்துத் தங்கிய கரு என்று மாமியார் பூரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் கழுநீர்த் தொட்டியில் கையை முக்கி முந்தானையில் துடைத்தாள்.

கொஞ்சம் மருந்துதானே, ஒன்றும் ஆகாது. ஆகாது என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

ஜீப்பு வரை மாமியார் வந்தாள். “மருந்து எப்ப வேல செய்யும், டாக்டரே?”

“ரெண்டு மூணு நாள்ல தெரியும்” என்றேன், மாட்டை நினைத்து.

அவளுக்குப் பின்னால் மருமகள் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். அதே கை.