பூநாரைக்கு ஒரு புளியங்கொட்டை

சிவமயம்

முகத்துவாரம் உப்பளம்
பரிதாபி வருஷம் மாசி மாதம் 9-ந் தேதி

சிரஞ்சீவி பாபநாசத்துக்குத் தகப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம், உடம்பைப் பொறுத்தமட்டில் அது பொய்யுமில்லை. ரங்கூனில் உன் சரீரம் எப்படி இருக்கிறதென்று உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, அரிசி மில்லில் தூசி அதிகம் என்று மட்டும் கண்டிருந்தாய். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. உன் அம்மைக்கு முழங்கால் வலி முன்போலத்தான். ஏரல் சந்தையிலிருந்து வந்த கத்தரிக்காய் நன்றாயிருந்தும் நேற்று உன்னை நினைத்துக்கொண்டு இரண்டு கவளம் குறைவாகச் சாப்பிட்டாள். இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

உன் தங்கை சொர்ணாம்பாள் ஒரு மாதமாக வாசற்படி தாண்டவில்லை. அதற்குக் காரணம் நான். இந்த ஊருக்கு என்னைத் தூக்கிப் போட்டபோது நான் எப்படிப் புழுங்கினேன் என்று நீ அறிவாய். பி.ஏ. தேறியவன் நான், மெட்ரிகுலேஷனில் இரண்டு தரம் தவறியவனெல்லாம் எனக்கு மேலே போனான், என்னை உப்புக்கும் நண்டுக்கும் காவல் வைத்தார்கள். டவுணுக்கு மாற்றல் கேட்டு ஒன்பது வருஷம் மனு எழுதினேன். ஆனால் ஆழ்வார்குறிச்சியில் சொர்ணத்தின் தலையில் இடி விழுந்து பதினான்கு வயதில் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தாளே, அப்போதுதான் இந்த ஊரின் அருமை தெரிந்தது. மாப்பிள்ளைக்கு நெஞ்சுநோய் என்று தெரிந்திருந்தும் மறைத்து அந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்த உன் சிவசைலம் பெரியப்பா வீட்டில், அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் போன இடத்தில், உன் பெரியம்மை சொன்ன வார்த்தையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். காலங்காத்தால இவ முகத்துலயா முழிக்கணும், கொஞ்சம் உள்ள இருக்கச் சொல்லுங்க என்றாள். இங்கே பரவரும் துலுக்கரும் அளத்துக் கூலிகளுமே குடியிருக்கிறார்கள். எவரும் அவள் முகத்தைப் பார்த்துச் சகுனம் கணிக்கவில்லை. சாயங்காலம் நான் தென்கரைக்கு மேற்பார்வை போகும்போது கூடவே வருவாள்.

நீ கப்பலேறிய வருஷம் கார்த்திகையில்தான் ஆறு கடலில் கலக்கிற ஆழமில்லாத நீரில் பூநாரைகள் வந்திறங்குவதை முதலில் பார்த்தாள். எட்டத்தில் நிற்கும்போது வெள்ளை, பறக்க எழுந்தால் சிறகுக்குள் செம்பருத்தி நிறம். எண்ண ஆரம்பித்தாள். ஒரு பறவைக்கு ஒரு புளியங்கொட்டை, ஓலைக்கொட்டானில் போட்டுக்கொண்டே வருவாள், மறுநாள் கூடினால் சேர்ப்பாள், குறைந்தால் எடுப்பாள். காவல் சேவகன் அசன் மைதீன் கூடவே நின்று, பாத்து எண்ணு தாயீ, ஒண்ணு கொறஞ்சா எங்க இலாகாவுல என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க என்பான். அவள் சிரிப்பாள். மூன்று வருஷத்தில் அவள் சிரித்தது அந்தக் கரையில் மட்டுந்தான். இந்தத் தையில் கொட்டானில் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தது.

தை பிறந்த ஐந்தாம் நாள் மேலதிகாரி துரை ஒருவர் துப்பாக்கியோடு வந்தார். அளம் பார்க்கிற சாக்கு, வேட்டைதான் நோக்கம். பெரிய பறவைகள் எங்கே என்று கேட்டார். அசன் மைதீன் முந்திக்கொண்டு, எல்லாம் போன வாரமே எந்திரிச்சுப் போயிட்டு எசமான், இப்பம் காக்காதான் கிடக்கு என்று கூசாமல் பொய் சொன்னான். எழுத்தறியாத அந்தச் சேவகனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் இங்கிலீஷைக் காட்டுவதற்கு ஒன்பது வருஷமாக ஒரு துரை கிடைக்கவில்லை. தென்கரைக்கு அப்பால் விடியற்காலையில் மேயும், சேற்றில் கால் புதையாத தடம் எனக்குத் தெரியும், நானே முன்னால் நடக்கிறேன் என்று நல்ல இலக்கணத்தில் சொன்னேன். அப்படியே மறுநாள் நடந்தேன். பதினோரு பறவைகள் விழுந்தன. இரண்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள், அவற்றில் சில அப்போதும் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டன. வெடிச்சத்தம் கேட்டுச் சொர்ணம் கரைமேல் ஓடிவந்து நின்றாள். துரையின் தோட்டாப் பை என் தோளில் தொங்குவதைப் பார்த்தாள். அன்று பகலில் கொட்டானிலிருந்து பதினோரு கொட்டைகளை எடுத்து அடுப்படியில் போட்டுவிட்டு, கொட்டானை உயரத்தில் கவிழ்த்து வைத்தாள்.

நான் கேட்டது துரையின் தயவில் கிடைத்தது. டவுணுக்கு மாற்றல், ஒரு படி மேலான உத்தியோகம், போன வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. உன் அம்மை நெல்லையப்பருக்கு வேண்டுதல் முடிந்துவைத்துப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். டவுணில் உன் பெரியப்பா வீட்டில்தான் போய் இருக்க வேண்டும், அங்கே நம் பங்குக்கு உள்ளது அந்த நெல் அறைதானே. சொர்ணம் வந்து நின்று, அப்பா, அங்கன நம்ம அறைக்குச் சன்னல் உண்டா என்று கேட்டாள். ஒரு மாதத்தில் அவளாக என்னிடம் பேசியது அது ஒன்றுதான். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது என்று உனக்குத் தெரியும்.

மாற்றல் வேண்டாம், இங்கேயே கிடக்கிறேன் என்று முந்தாநாள் மனு எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஏற்பார்களோ மாட்டார்களோ தெரியாது. கோட்டிக்கார மனுஷன் என்று சொல்லிவிட்டு உன் அம்மை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உன் பெரியப்பா உனக்கு எழுதி எனக்குப் புத்தி சொல்லச் சொல்வார், அதற்குப் பதில் போடாதே.

நேற்றுச் சாயங்காலம் கரைவரைக்கும் வா அம்மா என்று கூப்பிட்டேன். நீங்க போயிட்டு வாங்கப்பா என்றாள். தனியாகப் போனேன். வெகு தூரத்தில் வெள்ளையாகச் சில தெரிந்தன. மூன்று தரம் எண்ணினேன், மூன்று கணக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, நாற்பது திரும்பி வந்திருக்கு என்று அடுப்படிப் பக்கமாகச் சொன்னேன். திரும்பிப் பாராமலே, அது கடல்காக்காவா இருக்கும், பூநாரை கண்ணுக்கு எட்டுற தூரத்துல வராது இனிமே என்றாள். சரியாகத்தான் சொல்லியிருப்பாள், அவளுக்கல்லவா தெரியும்.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கப்பற்காரர்கள் தூரத்தைப் பார்க்கிற கண்ணாடி ரங்கூனில் பழையது கிடைக்கும் என்கிறார்கள். ஒன்று வாங்கி ஐப்பசிக்குள் வந்து சேரும்படி அனுப்பு. அடுத்த கார்த்திகையில் பறவைகள் வருமோ, நாங்கள் இங்கே இருப்போமோ, இருந்தாலும் அவள் என்னோடு கரைக்கு வருவாளோ, ஒன்றும் எனக்குத் தெரியாது. நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் உன்னை நீடித்த ஆயுளோடு வைக்கட்டும். மறக்க வேண்டாம், கண்ணாடியை என் பெயருக்கு அனுப்பாதே, சொர்ணாம்பாள் என்று அவள் பெயரையே மேல்விலாசத்தில் எழுது. அவள் பெயருக்கு இதுவரை தபாலில் எதுவும் வந்ததில்லை.

இப்படிக்கு,
உன் தகப்பன்
தாணுமாலையன்