கைராசி இல்லாத நாலு டாக்டர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் "உன் அண்ணி" என்று வாயெடுத்தாலே உனக்கு அடுப்பில் ஏதோ தீய்கிறது, இல்லாவிட்டால் வாசலில் யாரோ மணி அடிக்கிறார்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. இதில் முக்கால்வாசி உன் அண்ணியைப் பற்றித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

முதலில் வீட்டுச் சேதி. அப்பா நலம். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மெல்லிய மூக்குக்கண்ணாடி பிரேம்களை வாய் நிறையத் திட்டிக்கொண்டே விற்கிறார், அதனாலேயே நன்றாக விற்கிறது. உன் அண்ணன் கண் பார்க்கும் அறைக்கு வெள்ளையடித்தான். அடித்துவிட்டு எழுத்துப் பலகையைத் தலைகீழாக மாட்டிவிட்டான். காலையில் வந்த முதல் ஆள், "சார், நேத்து வரைக்கும் படிக்க வந்துச்சே" என்று அழாத குறை. நான் வழக்கம்போல் கவுண்டரில் உட்கார்ந்து திருகு முடுக்குகிறேன். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. விஷயம் அந்தப் பல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நம் குடும்பத்துக்கும் பல் டாக்டர்களுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். பல்லைப் பிடுங்குவார்கள், ரத்தம் நிற்காது, நாம் டாக்டரை மாற்றிவிடுவோம். இதுதான் நம் வீட்டு வைத்தியம். முதல் டாக்டர் கை நடுங்குகிறவர். இரண்டாமவர் அவசரக் குடுக்கை. மூன்றாவது அம்மாள் ஊர்க்கதை பேசிக்கொண்டே பிடுங்கினாள். அதனால் இந்த முறை மீன் தொட்டியெல்லாம் வைத்திருக்கிற புது டாக்டரிடம் போனேன். சின்னப் பையன், பூப்பறிப்பது போலத்தான் பிடுங்கினான். மறுநாள் மாலையிலும் வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தது. இவனுக்கும் கைராசி இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

உன் அண்ணி பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்தாள். கழுத்தில் விசிலைக்கூடக் கழற்றவில்லை. என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். சுத்தமான பஞ்சை மடித்து வைத்து, "இறுக்கிக் கடிங்க அத்தை, பேசக் கூடாது" என்றாள். பிறகு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்: "நாலு டாக்டருக்குமா கைராசி இல்லாம போச்சு? டாக்டருங்க மாறிக்கிட்டே இருக்காங்க. மாறாம இருக்கறது உங்க வாய் ஒண்ணுதானே?"

அப்பா சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழுந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருப்பிச் சொல்லலாம் என்றால் வாயில் பஞ்சு. மாமியாரைப் பேசவிடாமல் கட்டிப்போட்டுவிட்டுக் கேள்வி கேட்ட முதல் மருமகள் அவளாகத்தான் இருப்பாள்.

ஆனால் அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா என்றாள். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, அப்பா அதை வாய்விட்டுச் சொன்னார். உன் மாமா முடிதிருத்துபவர்களை மாற்றி மாற்றி, கடைசியில் எவன் சவரக்கத்தியும் எனக்கு ஆகாது என்று தாடி வளர்த்த கதை. நீ பள்ளியில் படிக்கும்போது மாதம் தவறாமல் மூக்கிலிருந்து ரத்தம் வந்ததும், உடம்புச் சூடு என்று நான் தலையில் தண்ணீர் ஊற்றியதும். உனக்கு மாதவிலக்கு வந்தால் கறுப்புப் பாவாடை தவிர வேறு எதுவும் உடுத்த மாட்டாய் என்பது. இதையெல்லாம் நாங்கள் ஏதோ குடும்பப் பெருமை மாதிரிதான் சொன்னோம். அவள் சிரிக்கவே இல்லை.

பிறகு என் தங்கையைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பஞ்சை எடுத்துவிட்டேன். தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது என்று சின்ன ஆபரேஷனுக்குக் கொண்டுபோன பிள்ளை. வீடு திரும்பவில்லை. அந்த டாக்டரை என் அப்பா சாகும் வரை கொலைகாரன் என்றுதான் சொன்னார், நாங்களும் அப்படியே நம்பினோம். அந்த மனுஷருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, பாவம்.

உன் அண்ணி எழுந்து வந்து என் ரவிக்கைக் கையை மேலே தூக்கினாள். முழங்கைக்கு மேலே நீலமும் பச்சையுமாக ரத்தக்கட்டு. "இது எப்ப அத்தை?" என்றாள். கவுண்டர் இழுப்பறையில் இடித்திருப்பேன், யாருக்குத் தெரியும் என்றேன். கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, "மருமக கை நீட்டறாளா?" என்று என் காதோடு கேட்டதையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் மாறிவிட்டது. "அவளும் இதையேதான் சொன்னா. எங்க இடிச்சேன்னே தெரியலைன்னு" என்றாள். உன்னைத்தான் சொன்னாள்.

இனி உனக்குப் பிடிக்காத பகுதி. போன தடவை நீ வந்திருந்தபோது உன் தொடையிலும் தோளிலும் இருந்த ரத்தக்கட்டைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "உன் புருஷன் அடிக்கிறாரா?" என்று அவள் கேட்டாள். நீ அன்றைக்கே பெட்டியைக் கட்டினாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. கரப்பான் பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுகிற மனுஷனைப் பற்றி அப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? எனக்கும் அன்று அவள்மேல் எரிச்சல்தான்.

ஆனால் அவள் வேலையை யோசித்துப் பார். நாள் முழுக்க மைதானத்தில் ஓடுகிற, விழுகிற பிள்ளைகளைப் பார்க்கிறவள். முழங்கையில் பட்டால் எப்படி இருக்கும், முழங்காலில் பட்டால் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. விழுந்தால் படாத இடத்தில் காயம் இருந்தால், யாரோ அடித்த காயம் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் பிள்ளையை அவள் காப்பாற்றியும் இருக்கிறாள். அதனால் கேட்டாள். நீ இல்லை என்றாய்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? நமக்கென்ன வம்பு என்று விட்டிருப்பார்கள், இல்லை, நீ மறைக்கிறாய் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். உன் அண்ணி இரண்டும் செய்யவில்லை. நீ சொன்னதை அப்படியே நம்பினாள். "அவ பொய் சொல்ற ஆள் இல்ல அத்தை. யாரும் அடிக்கலைன்னா அந்தக் கட்டு எங்கிருந்து வந்துச்சு?" என்று இத்தனை மாதமாக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நீ அவளோடு பேசாமல் இருந்த நாளெல்லாம் அவள் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற குடும்பம் நாம். நம் உடம்பில் இருந்ததைப் பார்க்க வெளியிலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது.

அடுத்த நாளே என்னை இழுத்துக்கொண்டு நம் டாக்டரிடம் போனாள். வழக்கமான ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஒரே குஷி, பார்த்தாயா என்றேன். அவள் விடாக்கண்டி. டாக்டரிடம் நம் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னாள், தாடி உட்பட. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரத்த நோய்களைப் பார்க்கிற பெரிய டாக்டர் அம்மாவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த அம்மா சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். காயம் பட்டால் ரத்தம் உறைய அதற்குள் பசை மாதிரி ஒரு பொருள் வேண்டுமாம். எனக்கு அது பிறவியிலேயே குறைச்சல். வான் வில்லிபிராண்ட் நோய் என்று பெயர். அந்தப் பெயரை வாயில் நுழைக்கவே நான் படாத பாடு பட்டேன். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு வருவது, பாதிக்குப் பாதி வாய்ப்பு. சாதாரணப் பரிசோதனையில் பல பேருக்குத் தெரியாதாம். தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும், சில சமயம் இரண்டு தடவை. எனக்கும் இரண்டாவது தடவைதான் தெளிவாகத் தெரிந்தது. உன் அண்ணனுக்கும் பார்த்தோம், இல்லை. அதிலிருந்து ஏதோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி வீட்டில் நடக்கிறான்.

பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை, தெரிந்துகொண்டுவிட்டால். அதை அந்த அம்மா அழுத்திச் சொன்னார். போன வாரம் பக்கத்துப் பல்லையும் எடுத்தார்கள். முன்னாலேயே ஒரு ஊசி, பிறகு சில நாளைக்கு மாத்திரை. ஊரில் எல்லோருக்கும் நிற்கிற மாதிரி எனக்கும் ரத்தம் நின்றது. மீன் தொட்டி வைத்திருக்கிறானே, அதே பையன்தான் எடுத்தான். அவனைத் திட்டினதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள். அந்தப் பழமொழியை நான் கெடுத்துவிட்டேன். கல்யாணமான புதிதில் இந்தப் பெண் என்ன இப்படிக் கேள்வி கேட்கிறாள் என்று உன்னிடமே நான் குறைப்பட்டிருக்கிறேன். இன்றைக்கு அவள் கேள்வி கேட்கும்போது வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். ரத்தப்போக்கு தாங்க முடியவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று அங்கே சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதம் தேதியும் கொடுத்துவிட்டார்கள் என்றாய். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றாய். எனக்கும் அப்படித்தானே முதலில் சொன்னார்கள். இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று முடிவு பண்ணிட்டோம் என்று நீ சொன்னாயே, அது முடிவு பண்ணியவள் குரலாக எனக்குக் கேட்கவில்லை.

எனக்கு இது இருக்கிறது என்றால் உனக்கும் இருக்கலாம். இருந்தால், குறை கர்ப்பப்பையில் இல்லாமல் ரத்தத்திலேயே இருக்கலாம், மருந்திலேயே அடங்கவும் அடங்கலாம் என்று அந்த அம்மா சொன்னார். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். ஒருவேளை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும், இது தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது என்பதை மட்டும் அடித்துச் சொன்னார். என் பரிசோதனை முடிவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். உன் டாக்டரிடம் காட்டி, என் அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் பாருங்கள் என்று கேள். வயிற்று வலிக்கு நீயாக வாங்கி முழுங்குகிற மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதே. சில வலி மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டிவிடுமாம். குட்டிக்கும் மூக்கில் ரத்தம் வருகிறது என்றாயே, தலையில் தண்ணீர் ஊற்றி விட்டுவிடாதே. அவளையும் கூட்டிக்கொண்டு போ.

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது கிட்டத்தட்ட உன் வயதுதான். ஏன் இவ்வளவு ரத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்ணாகப் பிறந்தால் பட்டுத்தான் ஆக வேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன். உனக்காகக் கேட்க ஒருத்தி இருக்கிறாள். "நான் கேட்ட விதம் தப்பு அத்தை, அவகிட்ட அதைச் சொல்லணும்" என்கிறாள் உன் அண்ணி. பள்ளி விட்டு வந்ததும் தினமும் உன்னைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள். நீ எடுப்பதில்லை, அவளும் அலுப்பதில்லை. ஒருமுறை எடு. சமாதானமாகப் பேச வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. வேண்டுமானால் சண்டை போடு, ஆனால் அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டுச் சண்டை போடு.

மருத்துவமனையில் பேசி அந்தத் தேதியைத் தள்ளிவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல். அதுவரை எனக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குட்டிக்கு முத்தம். உனக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. எனக்குப் பிறகும் நீ நெடுங்காலம் இருக்க வேண்டும். அந்த வரிசை மட்டும் மாறக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா