டாக்டரம்மாவின் கார் கியர் மாறியது

1968, ஆவணி 9.

டாக்டரம்மாவின் அமெரிக்கக் கார் கியரைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். ஒரு மாதமாக அது முதல் கியரைத் தாண்டவில்லை. அவர் குதிரை வண்டியில்தான் பிரசவம் பார்க்கப் போனார். கியர் பெட்டியே கெட்டுப்போய்விட்டது என்று மெட்ராஸ் மெக்கானிக்குகள் கைவிட்டார்கள். உள்ளூர் மெக்கானிக்கான நானும் பெட்டியை இரண்டு முறை பிரித்துப் பார்த்துத் தோற்றேன்.

இன்று இன்ஜினை ஓடவிட்டு அடியில் படுத்தபோது மெல்லிய சீறல் கேட்டது. இன்ஜினிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் சின்ன ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதன் வழியாக இன்ஜின் காற்றை உறிஞ்சினால்தான் கியர் மாறும். புதுசு மாட்டினேன்.

ஓரிக்கை சாலையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து டாக்டரம்மாவே ஓட்டினார். இரண்டாவது கியர் விழுந்தது, பிறகு மூன்றாவதும்.

"அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்குதாப்பா?"

"ஆமாம்மா. நான்தான் ரெண்டு வாட்டி வீணா பிரிச்சேன்."

அவர் சிரித்தபடி என்னை இறக்கிவிட்டு நேராகப் பிரசவத்துக்குப் போனார். நடந்து திரும்பும்போது, முன்பின் தெரியாத சைக்கிள்காரரை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த வெடித்த குழாயைக் காட்டி, "ஒரு மாசமா கார் ஓடாததுக்கு இதுதாங்க காரணம்!" என்றேன்.