படம் சுத்தம்

கெல்லர்டன்
4 மார்ச் 1996

என் நோரீனுக்கு,

நீ, லெஸ், உங்கள் ஆடுகள் எல்லோரும் சுகம்தானே? ஆடுகளை ஏன் விசாரிக்கிறேன் என்றால், உன் வீட்டில் முதல் மரியாதை அவற்றுக்குத்தான். கிடாய்களை வருஷம் தவறாமல் டாக்டர் வந்து தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார். உன்னை யாரடி பார்க்கிறார்கள்?

எங்கள் மார்பகப் பரிசோதனை வேன் ஏப்ரலில் விராபிக்கு வருகிறது. கண்காட்சி மைதானத்து வேலியோரம் நிற்கும். உனக்கு அழைப்பு அனுப்பினோம், பதில் இல்லை. நினைவூட்டி இன்னொன்று போட்டோம், அதற்கும் இல்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று தெரிந்துமா? பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு நீ காட்டும் மரியாதை இதுதானா?

விளையாட்டாக எழுதுவது போல இருக்கும். இல்லை. நூறு பேரில் எழுபது பேராவது வந்தால்தான் இந்த வட்டாரத்தில் சாவு குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். விராபியில் போன தடவை பாதிக்குப் பாதிகூட வரவில்லை. இந்தத் தடவையும் அப்படியென்றால் வேனை அந்தப் பக்கமே அனுப்ப மாட்டார்கள். போன வாரக் கூட்டத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "கோரல், அது நீங்க பொறந்த ஊருதானே? உங்க ஊருக்காரங்களுக்கு என்னதான் வேணுமாம்?" எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

நீ வந்தால் உன் பின்னால் பத்துப் பேர் வருவார்கள். எனக்காக வா.

உன் கோரல்


விராபி
19 மார்ச் 1996

கோரலுக்கு,

கடிதம் கிடைத்தது. மழை இல்லை. ஆடுகளுக்குக் கையால் தீவனம் போட்டுக்கொண்டிருக்கிறோம். லெஸ்ஸுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் தீவன லாரியை நான்தான் ஓட்டுகிறேன். உனக்கு என்ன, மேஜை, நாற்காலி, குளிர்சாதனம்!

நூற்றுக்கு எழுபது என்று எழுதியிருக்கிறாய். சந்தைக்கு மந்தை ஓட்டுகிறவன் மாதிரிப் பேசுகிறாய். லெஸ்ஸிடம் படித்துக் காட்டினேன். "போயிட்டு வாயேன், நோரீன். அவ எதையும் கேக்கவே மாட்டா, இப்ப கேட்டுட்டா" என்றார். என் வீட்டுக்காரர் எப்போதும் உன் பக்கம்தான்.

எனக்கு ஐம்பத்தேழு ஆகிறது. இந்த வயதில் முன்பின் தெரியாத பெண் முன்னால் சட்டையைக் கழற்ற வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் வருகிறேன். பயந்து இல்லை. உனக்காக.

நோரீன்


விராபி
6 மே 1996

அன்புக் கோரலுக்கு,

போய் வந்துவிட்டேன், போதுமா? ஊரே வந்திருந்தது. கடைக்கார வால்மா வரிசையில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னாள்: "இருவது வருஷமா வீட்டுக்காரரே திரும்பிப் பாக்கல. இப்ப கவர்மென்டு வண்டி போட்டு வந்து பாக்குது!" போலீஸ்காரர் மனைவி சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருந்த பெண் சின்ன வயசு, நல்லவள். தட்டுக்கு நடுவே வைத்து மேலிருந்து இறக்கினாள் பார், துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி. "மூச்சைப் பிடிச்சுக்கோங்க" என்றாள். விட்டால்தானே பிடிக்க!

போன வாரத் தபாலில் முடிவு வந்தது. புற்றுநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை, இரண்டு வருஷம் கழித்து வரவும். லெஸ் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். "வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிச்ச மாதிரி, இனி ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல" என்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் மனசு லேசாகிவிட்டது. என் அத்தை இதில்தான் போனாள் என்பது உனக்குத் தெரியும். வெளியே சொல்லாமல் உள்ளே ஒரு பயம் இருந்துகொண்டேதான் இருந்தது. நன்றி, கோரல்.

உன் நோரீன்


விராபி
10 நவம்பர் 1996

அன்புக் கோரலுக்கு,

கடைசியில் மழை பெய்தது. கோதுமை நன்றாக வந்திருக்கிறது. அடுத்த வாரம் அறுவடை இயந்திரம் வருகிறது. மகள் ஜனெல் பிள்ளைகளோடு கிறிஸ்துமஸுக்கு வருகிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சிரிக்காதே. குளிக்கும்போது இடது அக்குள் பக்கம் கையில் ஏதோ தட்டுப்பட்டது. பட்டாணி அளவு இருக்கும், அதைவிடக் கெட்டி. வலி இல்லை. லெஸ்ஸிடம் சொன்னேன். ஃப்ரிட்ஜைக் காட்டி, "அதான் பேப்பர்லயே போட்டிருக்கே" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ஊருக்கு வருகிறார். செவ்வாய்தான் இயந்திரமும் வருகிறது. கதிர் காய்ந்து நிற்கிறது, ஒரு நாள் தள்ளினால் மழை அடித்துவிடும்.

இந்த வேலையில் இருப்பவள் நீ. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன் நோரீன்


கெல்லர்டன்
21 நவம்பர் 1996

என் நோரீனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேன் மூன்று ஊர்களுக்கு அடுத்தடுத்துப் போய் வந்ததில் நான் மனுஷியாகவே இல்லை.

நீ பயப்பட ஒன்றும் இல்லை. உன் படத்தை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்கிறார்கள். இருவரும் ஒன்றையே சொன்னால்தான் அந்தத் தாள் உன் வீட்டுக்கு வரும். ஆறு மாதம்தான் ஆகிறது. இது கொழுப்புக் கட்டியாக இருக்கும், அல்லது தீவன மூட்டை தூக்கித் தூக்கி நெறி கட்டியிருக்கும். என் அம்மாவுக்கும் இப்படி வந்து தானாகவே போனது. அறுவடையை முடி. பிறகு நேரம் கிடைக்கும்போது டாக்டரிடம் காட்டிவிடு.

ஒரே ஒரு விஷயம். இதை இப்போதைக்கு வால்மா காதில் போடாதே. அவள் காதில் விழுந்தால் ஊர் முழுக்கப் பரவும். "நோரீன் போயிட்டு வந்தா, அவளுக்கே கட்டியாம், அப்புறம் எதுக்கு அந்த வேன்?" என்பார்கள். இவ்வளவு பாடுபட்டு இந்தத் தடவைதான் எழுபதைத் தொட்டிருக்கிறோம். புரிந்துகொள்வாய்.

ஜனெலுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள்.

உன் கோரல்


சிட்னி
15 ஏப்ரல் 1997

கோரல்,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் கிறுக்கலாக இருக்கும்.

அறுவடைக்குப் பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. பிறகு லெஸ்ஸின் இடுப்புக்கு அறுவை சிகிச்சை. பிறகு ஆடுகளுக்கு மயிர் கத்தரிப்பு. ஒவ்வொரு வாரமும் அடுத்த செவ்வாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகு வலிக்க ஆரம்பித்தது. தீவன மூட்டைதான் என்று நினைத்துக்கொண்டேன், நீயும் அப்படித்தானே எழுதியிருந்தாய்? மார்ச்சில் போனபோது அந்தக் கட்டி எலுமிச்சை அளவு ஆகியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

முதுகெலும்புக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டது. மருந்து கொடுக்கிறார்கள். குணப்படுத்த இல்லை, கொஞ்சம் தள்ளிப்போட.

இங்கே ஒரு இளம் டாக்டர் கேட்டாள்: "எப்ப முதல்ல கவனிச்சீங்க?"

"நவம்பர்ல."

"அப்ப ஏன் வரல? யாருமே உங்களை வரச் சொல்லலையா?"

"படம் சுத்தமா இருந்துச்சு" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

நோரீன்


கெல்லர்டன்
2 மே 1997

என் அருமை நோரீனுக்கு,

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே உன் பழைய படங்களை வெளியே எடுக்கச் சொன்னேன். உன் பெயரை மறைத்து மூன்று டாக்டர்களிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். மூவருமே சொன்னார்கள், போன வருஷப் படத்தில் ஒன்றும் இல்லை. யாரும் எதையும் தவறவிடவில்லை. இரண்டு பரிசோதனைக்கு நடுவே வேகமாக வளர்கிற வகை இது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி நடக்கும். எந்த வேனாலும் தடுக்க முடியாது. யார் மேலும் தப்பு இல்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அது உனக்குக் கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கும் என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை சிட்னிக்கு வரட்டுமா? ஒரு வார்த்தை சொல், போதும்.

என்றும் உன் கோரல்


விராபி
30 மே 1997

கோரல்,

வர வேண்டாம். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இங்கேயும் வர வேண்டாம்.

படத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. படம் சரி, டாக்டர்கள் சரி, வேனும் சரி. அந்தப் பெண்ணும் நல்லவள்தான். நவம்பரில் நான் எழுதியது வேனுக்கு இல்லை, உனக்கு. நீ அனுப்பிய முடிவுத் தாளின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது: ஏதாவது மாற்றம் தெரிந்தால் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போகவும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகுதான் திருப்பிப் பார்த்தேன். வாராவாரம் நூற்றுக்கணக்கில் அதை உறையில் போடுகிறவள் நீ. உனக்குத் தெரியாதா? எல்லோருக்கும் சொல்வதை எனக்குச் சொல்லவில்லை. என்னை வாயை மூடச் சொன்னாய். நானும் மூடிக்கொண்டேன்.

அன்றே போயிருந்தாலும் செத்துத்தான் போயிருப்பேனோ என்னவோ. அது யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

போன வாரம் பெண்கள் சங்கத்துக் கூட்டத்துக்குப் போனேன். லெஸ் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன்: "வேன் வந்தா எல்லாரும் போங்க. ஒருத்தி விடாம போங்க. ஆனா பேப்பர் சுத்தமா வந்தாலும், மறுநாளே கையில ஏதாவது பட்டுச்சுன்னா, அறுப்பும் வேணாம் ஆடும் வேணாம், டாக்டர்கிட்ட ஓடுங்க. யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க." வால்மா அழுதாள். யாரும் தேநீரைத் தொடவில்லை. உன் பெயரை அங்கேயும் சொல்லவில்லை. பயப்படாதே, உன் எழுபது குறையாது.

இனி எழுதாதே.

நோரீன் ஹாகர்டி


விராபி
25 செப்டம்பர் 1997

கோரலுக்கு,

நோரீன் செவ்வாய் காலையில் போய்விட்டாள். வீட்டிலேயேதான். கடைசி வாரம் ரொம்பக் கஷ்டப்பட்டாள், அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நீ மேலும் மேலும் எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. அவள் எதையும் பிரிக்கவில்லை. எறியவும் இல்லை. நானும் பிரிக்கப்போவதில்லை. என் பங்கும் இதில் இருக்கிறது, கோரல். ஃப்ரிட்ஜைக் காட்டியவன் நான். அதை அவள் ஒருநாளும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அடக்கம் அடுத்த வார வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, மலையடிச் சர்ச்சில். ஞாயிற்றுக்கிழமை நான் அவளிடம் கேட்டேன், கோரலுக்குச் சொல்லவா வேண்டாமா என்று. கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாள்:

"வந்தா வரட்டும். பின்வரிசையில உக்காரட்டும். ஆனா ஜனெல்கிட்ட போய் யார் மேலயும் தப்பில்லன்னு சொல்லிக்கிட்டு நிக்க வேணாம்னு சொல்லிடு."

சொல்லிவிட்டேன்.

லெஸ்