பாப்பாவின் பழைய ஜென்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் எப்சிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் பாப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஜெஃப்ரியும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதை முதல் வரியிலேயே கேட்கவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு, கேட்டுவிட்டேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்கு இப்போது காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்ல முடிவதில்லை கண்ணு. உன் தங்கச்சியைப் பற்றி வாயைத் திறந்ததும் "நீங்க செல்லம் குடுத்துதான் அவ இப்படி ஆடறா" என்று ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் நம் பாப்பா கெசியாவின் கார்தான். அதை விற்றாச்சா என்று போன மாதம் கேட்டாய், பார்க்கலாம் என்று மழுப்பினேன். விற்கவில்லை. நேற்று சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ரேஸ் மைதானத்தில் அவள் அதை ஓட்டிவிட்டு வந்தாள். பதறாதே, கை கால் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது, காலையில் ஆராதனைக்கு வந்து கொயரில் சத்தமாகப் பாடினாள். அது போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியைக் கொண்டுபோய் ரேஸ் ரோட்டில் ஓட்டிப் பழகலாம், அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குகிறார்கள், அவ்வளவுதான். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிறவள், அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறாய். போதாததற்கு, பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் உன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டுபோய் பேர்ணாம்பட்டு ரோட்டுப் பள்ளத்தில் இறக்கினவள் அவள். "அவளுக்கு வேகமா போகத் தெரியும், நிறுத்தத் தெரியாதுப்பா" என்று நீ சொன்னது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. நேற்று முழுக்க அந்த ஒரு வார்த்தையோடுதான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

கார் வாங்கின கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆலங்காயத்தில் காசிநாதன் என்று ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், அவர் வீட்டு மாட்டுக்கொட்டகை பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றிருந்த ஜென் கார் அது. வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருந்ததால் நம்பினோம். பின்சீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. விலை ஒரு நல்ல ஃப்ரிட்ஜைவிடக் கம்மி. நான் இவளிடம், "பாப்பா, இதுக்கு ஃப்ரிட்ஜே வாங்கலாம், தண்ணியாச்சும் ஜில்லுனு கிடைக்கும்" என்றேன். அவள் காதில் வாங்கினால்தானே. தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்து அடியெல்லாம் பார்த்துவிட்டு முதுகு நிறையச் சாணியோடு எழுந்து, "அடியில துரு கம்மிதாம்ப்பா, இன்ஜின் சுத்துது, இது போதும்" என்றாள். புது வண்டியை யாராவது அங்கே கொண்டுபோய்க் கெடுப்பார்களா, பழசு என்றால் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொள்ளலாம், கெட்டாலும் மனசு தாங்கும் என்பது அவள் கணக்கு. காசிநாதனோ, "குஞ்சு பொரிக்கட்டும்மா, அப்பால எட்த்துனு போ" என்று சொல்லிவிட்டார். கோழிக்காகக் காத்திருந்து கார் வாங்கின குடும்பம் இந்த மாவட்டத்திலேயே நாமாகத்தான் இருப்போம்.

அதற்கப்புறம் ஃபேக்டரியில் தையல் மெஷின்களைப் பழுது பார்த்துவிட்டு வந்து வீட்டில் இதைப் பழுது பார்ப்பாள். சாயங்காலமானால் நம் வாசல் ஒர்க்‌ஷாப்தான். அம்மா வேலூரில் டூட்டி முடித்துக் களைத்து வருகிறவள், வந்ததும் கார் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு காலுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். பிரேக்கை முதலில் புதிதாக மாற்றினாள், அதை நீ கவனி, என்ஜினில் கைவைக்கும் முன்பே பிரேக்கைத்தான் மாற்றினாள். பிறகு சீட்டு, கதவு அட்டை, கூரைத் துணி, தரை விரிப்பு என்று உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி வெளியே போட்டாள். எடை குறையவேண்டுமாம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, ஏதோ பழசு என்று வீசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு, உனக்குத் தெரியும். எதன்மேல் பாசம் வந்தாலும் அதற்கு ஒரு தோல் உறை தைத்துவிடுவோம். நம் வீட்டில் பைபிள், டிவி ரிமோட், அம்மாவின் டிபன்பாக்ஸ் வரைக்கும் தோல் சட்டை போட்டிருக்கிறது. பிள்ளை இவ்வளவு பாடுபடுகிறாளே, நம் பங்குக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று எனக்கு உறுத்தல். அவள் கம்பெனி ட்ரெய்னிங் என்று சென்னை போன சமயம் பார்த்து, தோல் ஃபேக்டரியின் பினிஷிங் செக்‌ஷனில் எக்ஸ்போர்ட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கின மாட்டுத்தோலை வாங்கிக்கொண்டு நம்ம முஸம்மிலின் சீட் கவர் கடைக்குப் போனேன். "இன்னா சாந்தகுமாரு, வண்டி கல்யாணத்துக்கா போவுது?" என்று கேலி செய்தாலும் அவனும் என்னோடு உட்கார்ந்து தைத்தான். முன்சீட்டு இரண்டு, பின்சீட்டு, கதவு, கூரை, தரை, ஒன்றையும் விடாமல் தைத்து மறுபடி மாட்டினோம், உள்ளே உட்கார்ந்தால் ஷோரூம் வாசனை. கெசியா வந்து கதவைத் திறந்து பார்த்தாள், பேசவே இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போனாள் என்று நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அப்புறம் மெதுவாக, "சூப்பரா இருக்குப்பா. ஆனா நான் கிலோ கிலோவா எறக்குனத எல்லாம் நீங்க திரும்ப ஏத்திட்டீங்க" என்றாள். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. முஸம்மில் தலையில் கைவைத்துக்கொண்டு, "பேஜாராப் போச்சே" என்றான்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் எதையும் பிய்த்து எறியவில்லை. அடுத்த நாள் என்னையும் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழியாமல் கழற்றினாள். முன்சீட்டு இரண்டும் மட்டும் இருக்கட்டும் என்றாள். ஓட்டிப் பார்த்தால் தோல் வழுவழு என்று இருந்ததால் திருப்பத்தில் சறுக்கிக்கொண்டு கதவுப்பக்கம் போகிறாள். தோலைத் திருப்பி, சொரசொரப்பான உள்பக்கம் மேலே வருகிற மாதிரி தைத்தால் பிடிக்குமா என்று அவளே கேட்டாள், தைத்தோம், பிடித்தது. அவள் கற்றுக்கொண்டாள், நானும் கற்றுக்கொண்டேன், முஸம்மிலுக்கு ஒரு வாரக் கடை வியாபாரம் போனது.

நேற்று விடிவதற்குள் கிளம்பினோம், நானும் அவளும் ஜென்னில், முஸம்மில் ஸ்டெப்னி டயர்களையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு அவனுடைய வேனில் பின்னால். அங்கே போனதும் நான் உட்கார்ந்து வந்த சீட்டையும் கழற்றி இறக்கிவிட்டாள். அதை ஒரு ஷெட்டுக்கு முன்னால் நிழலில் போட்டுக்கொண்டு நானும் முஸம்மிலும் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம். வருகிற பையன்கள் எல்லாம் காரைப் பார்க்காமல் சீட்டைத் தொட்டுப் பார்த்து, எங்கே தைத்தது என்று விசாரித்தார்கள், எனக்கு அந்த மரியாதையும் கிடைத்தது. பரிசோதனை செய்கிறவர் காருக்கு அடியிலும் மேலும் குடைந்து பார்த்தார், பேட்டரியை ஆட்டினார், பிரேக்கை மிதித்தார், ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். அப்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது எப்சி. கோழி அடைகாத்த வண்டி அது.

ஓட்டத்தில் அவள்தான் கடைசி. வழவழ என்று பெரிய பெரிய கார்கள், எல்லாம் அவளைத் தாண்டிக்கொண்டு போயின. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் ஒதுங்கி வழிவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகியது, திருப்பங்களில் வண்டி பாதையோடு ஒட்டிக்கொண்டு போனது. கடைசி சுற்றுகளில் ஒரு சிவப்புக் காரை நெருங்கிவிட்டாள், அன்றைக்கு முழுக்க அவள் தாண்டுவதற்குக் கிடைத்த ஒரே வண்டி அதுதான். முஸம்மில் சீட்டின்மேல் ஏறி நின்று கத்துகிறான். நான் கத்தவில்லை, எனக்கு நீ சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்த திருப்பத்தில் தாண்டிவிடுவாள் என்று எல்லோரும் பார்க்கும்போது ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினாள், வேகத்தைக் குறைத்தாள், ஓரமாக ஒதுங்கி ஷெட்டுக்கே வந்துவிட்டாள். என்ன ஆச்சோ என்று ஓடினேன். ஒன்றுமில்லை, என்ஜின் சூடு காட்டுகிற முள் கொஞ்சம் ஏறியதாம். பானெட்டைத் திறந்தால் ஒரு குழாயின் கிளிப் தளர்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பையன் ஒருவன், இன்னும் ஒரு ரவுண்டு தாங்கியிருக்குமே, விட்டுட்டீங்களே என்று அங்கலாய்த்தான். அவள் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே, "தாங்கியிருக்கும் அண்ணா, தாங்கலன்னா? இந்த வண்டியிலதான் எங்கப்பாவ வூட்டுக்குக் கூட்டினு போவணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வருத்தம் இருந்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை கண்ணு. இரண்டு பெண்களைப் பெற்றதற்கு எத்தனையோ நாள் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், நேற்று சொன்னதுபோல எப்போதும் சொன்னதில்லை.

கிளிப்பை மாற்றி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, சீட்டை மறுபடி பூட்டி, வெயில் தாழக் கிளம்பினோம். நான் வண்டியில் தூங்குகிற ஆள் இல்லை. சென்னை பஸ்ஸில்கூட டிரைவருக்குத் துணையாக நானும் காலால் பிரேக் மிதித்துக்கொண்டே வருவேன் என்று நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு கேலி செய்திருக்கிறீர்கள். காஞ்சிபுரம் பிரிகிற இடத்தைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. அப்புறம் யாரோ தோளைத் தட்டினார்கள். "அப்பா, வூடு வந்துடுச்சு" என்றாள் பாப்பா.

நீ தன்னோடு ஒரு வார்த்தை பேசுவாயா என்று அவள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கேட்டால் இல்லை என்பாள். இதைப் படித்ததும் கூப்பிடு, திட்டுவதாக இருந்தாலும் கூப்பிடு. காலுக்கு இரட்டைச் சாக்ஸ் போடு, டூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, மாத்திரையை மறக்காதே என்று அம்மா சொல்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாடகைக் கார் எதுவும் சொல்லிவிடாதே. மாப்பிள்ளையையும் பெட்டிகளையும் முஸம்மில் தன் வேனில் ஏற்றிக்கொள்வான். நீ மட்டும் ஏர்போர்ட்டிலிருந்து உன் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து வா. தூக்கம் வந்தால் தூங்கு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிற
அப்பா
சாந்தகுமார்